சுண்டைக்கு வராத புழு கத்தரிக்கு மட்டும் ஏன்?

கேள்வி, செப்டம்பர் 14

வேலியோரம் தானாக முளைத்த சுண்டைச் செடிக்கு யாரும் மருந்து அடிப்பதில்லை, உரமும் வைப்பதில்லை. ஆனாலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. பத்தடி தள்ளி நிற்கும் கத்தரியில் நாலு காய் பறித்தால் மூன்று சொத்தை. இரண்டும் ஒரே இனம்தானே? காட்டுச் செடிகளுக்குப் பூச்சியே வராது என்பது என் முடிவு. அப்படியானால் சுண்டை வேரில் கத்தரியை ஒட்டுக்கட்டினால் புழு நின்றுவிடாதா?

பதில், செப்டம்பர் 14, இரவு

பாதி சரி. வேலூர்ப் பக்கம் வீட்டை ஒட்டி ஐந்து சென்ட்டில் ஒன்பது வருடமாகக் கத்தரி வைக்கிறேன், முள்ளுக்கத்தரிதான் அதிகம். வேலியில் சுண்டை, வரப்பில் கண்டங்கத்தரி, தண்ணீர்த்தொட்டிப் பக்கம் தூதுவளை. அந்த மூன்றின் காயிலும் புழு ஓட்டையை நான் பார்த்ததில்லை. கத்தரியில் பார்க்காத வாரமில்லை.

முதலில் அந்தப் புழு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்துப்பூச்சி இலையின் அடியிலும் காயின் காம்புத்தொப்பியிலும் முட்டை வைக்கிறது. சில நாளில் பொரித்துவரும் புழு, காய் இல்லாத பருவத்தில் குருத்துத் தண்டுக்குள் போகும். நுனி மட்டும் வாடித் தொங்குவது அதனால்தான். காய் வந்துவிட்டால் தொப்பிக்கு அடியில் நுழைந்துவிடும். நுழைந்த துளை ஊசிமுனை அளவுதான், ஆறி மூடிவிடும். நாம் சமையலறையில் பார்க்கும் பெரிய ஓட்டை புழு தின்று முடித்து வெளியே போன வழி. உள்ளே இருக்கும்வரை எந்த மருந்தும் அதன்மேல் படாது. அதனால்தான் வாரம் இரண்டு முறை அடிக்கிறவர்கள் தோட்டத்திலும் சொத்தை நிற்கவில்லை.

சுண்டைக்காயை வெட்டிப் பாருங்கள். உள்ளே விதைதான், சதை என்று சொல்ல ஒன்றுமில்லை. முழு வளர்ச்சியில் இரண்டு சென்டிமீட்டர் வரும் ஒரு புழு அதற்குள் எங்கே குடியிருக்கும்? இது என் ஊகம்தான். கசப்பும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் இடமில்லாமை பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. கத்தரியைப் பெரிதாக்கி, விதையைக் குறைத்து, சதையைக் கூட்டியது நாம். புழுவுக்கு வீடு கட்டிக் கொடுத்ததும் நாம்தான்.

செப்டம்பர் 15

ஒட்டுக்கட்டுவதைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். நிற்காது. நான் போட்டுப் பார்த்தவன்.

மூன்று வருடம் முன்பு ஒரு நாற்றுப்பண்ணையில் சுண்டை வேரில் கட்டிய கத்தரி நாற்பது கன்று வாங்கினேன். "புழுவே வராது" என்று சொல்லித்தான் விற்றார்கள். சாதாரண நாற்றைவிடப் பலமடங்கு விலை. செடி அருமையாக வந்தது, இரண்டாவது வருடமும் கவாத்து செய்து விட்டதில் காய்த்தது. பக்கத்து வரிசையில் வாடல் நோயில் பாதி செத்தபோது ஒட்டுச்செடி ஒன்றுகூடச் சாகவில்லை. ஆனால் சொத்தை அதே சொத்தை. சுண்டை வேர் காப்பது மண்ணிலிருந்து வரும் வாடல் நோயையும் வேர்முடிச்சு நூற்புழுவையும்தான். மேலே இருப்பது கத்தரியின் தண்டு, கத்தரியின் காய். புழுவுக்கு வேரோடு எந்த வேலையும் இல்லை. வாடல் நோய் உள்ள மண்ணென்றால் தாராளமாக வாங்குங்கள், காய்ப்புழுவுக்காக வாங்காதீர்கள். விற்கிறவர்கள் இதைப் பிரித்துச் சொல்லாதது இன்றும் எனக்குக் கோபம்தான்.

செப்டம்பர் 19

கேள்வி கேட்டவர் "அப்படியானால் சுண்டைக்கு எந்தப் பூச்சியும் இல்லை என்பது உண்மைதானே" என்று திரும்பக் கேட்டிருந்தார். இன்று காலை பூதக்கண்ணாடியோடு போய் வேலிச் சுண்டையை இலை இலையாகத் திருப்பினேன்.

பூச்சி இருக்கிறது. அடியிலைகளில் பச்சையத்தைச் சுரண்டி நரம்பை மட்டும் சல்லடையாக விட்டுவைத்த தடம், மஞ்சள் முட்டைக் கொத்துகள், முள்முள்ளாக மஞ்சள் புழுக்கள். எபிலாக்னா வண்டு. கத்தரி இலையைத் தின்னும் அதே இருபத்தெட்டுப் புள்ளி வண்டு. பார்க்கப் பொறிவண்டு போலவே இருக்கும். செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் நல்ல பொறிவண்டு என்று நினைத்து முதல் இரண்டு வருடம் இதைக் கவனமாகக் காப்பாற்றி வைத்திருந்தேன். நல்ல பொறிவண்டு பளபளப்பாக இருக்கும். இது மங்கலாக, மேலே மெல்லிய ரோமம் படிந்தாற்போல் இருக்கும். அதுதான் அடையாளம்.

சுண்டையில் இலை போனாலும் காய்ப்பு குறையவில்லை. அது ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த பல வருடச் செடி, இருபது இலை போனால் நாற்பது விடும். ஆக "வராது" என்பதை "வந்தாலும் தாங்கும்" என்று மாற்றி எழுதுகிறேன். காட்டுச் செடியின் எதிர்ப்பு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று தனித்தனி விஷயம் இருக்கிறது: பூச்சிக்குப் பிடிக்காமல் போவது, தின்றால் பூச்சி சாவது, தின்னக் கொடுத்துவிட்டுப் பிழைத்துக்கொள்வது. 14-ஆம் தேதி நான் எழுதியதில் இந்தப் பிரிவு இல்லை.

செப்டம்பர் 23

முள்ளுக்கத்தரிக்குப் புழு குறைவு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேலூர் முள்ளுக்கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்கும் பெருமைதான், என் அம்மா அதைத் தவிர வேறு கத்தரியை அடுப்பில் ஏற்றமாட்டார். ஆனால் முள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் காவல். ஒரு மில்லிமீட்டர் புழு இரண்டு முள்ளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் போவதுபோல் போய்விடும். என் தோட்டத்தில் முள்ளுள்ளதிலும் சொத்தை உண்டு.

பூச்சிக்கு எதிரான காவல் முள்ளைவிடச் சிறியது. சுணை. வெண்டை பறித்தால் கை அரிக்குமே, அது. இதில் நான் படித்து வியந்த கதை பொலிவியாவின் காட்டு உருளைக்கிழங்கு, சொலானம் பெர்தால்ட்டி. அதன் இலையில் இரண்டு வகைச் சுணை. ஒன்று நீண்ட காம்பின் நுனியில் எப்போதும் பசைத்துளியோடு நிற்பது. மற்றது குட்டையானது, தலையில் நாலு அறை. அசுவினி நடந்துவரும்போது முதல் வகைப் பசை காலில் ஒட்டுகிறது. அது உதறிப் போராடும்போது குட்டைச் சுணையின் தலை உடைந்து உள்ளிருக்கும் சாறு வெளியே வருகிறது. காற்றுப் பட்டதும், அறுத்த வாழைக்காய் கறுப்பதுபோல அது கறுத்து இறுகிவிடும். பூச்சியின் காலும் வாயும் சிமெண்ட் வைத்ததுபோல் கட்டிப்போய்விடும், பட்டினியில் சாகும். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் கிப்சன் என்பவர் 1971-இல் இதை விவரித்தார்.

அதே கிப்சன், பிக்கெட் என்பவரோடு சேர்ந்து 1983-இல் இன்னொன்றைக் கண்டார். அசுவினியை ஏதாவது பிடித்துத் தின்னும்போது அது ஒரு வாசனையை விடும், மற்ற அசுவினிகள் ஆபத்து என்று புரிந்து ஓடும். அந்த வாசனைப் பொருளையே இந்தக் காட்டுச் செடியின் இலையும் விடுகிறது! வந்து உட்காரும் முன்பே ஓட வைக்கிறது. இதைப் படித்த அன்று இரவு டார்ச் எடுத்துக்கொண்டு போய் என் கத்தரி இலையைப் பார்த்தேன். அதிலும் சுணை உண்டு, நட்சத்திர வடிவத்தில், ஆனால் பசை இல்லை.

செப்டம்பர் 24

தக்காளியில் கவாத்து செய்தால் கை மஞ்சள் பச்சையாகிக் கறுத்து, சோப்பு போட்டாலும் போகாதே, அதுவும் சுணையின் சாறுதான். தென் அமெரிக்காவின் காட்டுத் தக்காளி ஒன்றில் அதே மாதிரிச் சுணையின் நுனியில் 2-ட்ரைடெக்கனோன் என்ற பொருள் நம் தக்காளியில் இருப்பதைவிடப் பலமடங்கு இருப்பதை 1980-இல் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். புகையிலைக் கொம்புப்புழுவையும் அசுவினியையும் அது கொல்கிறது. நம் தக்காளியில் சுணை தொலைந்துபோகவில்லை, சரக்குதான் காலியாகிவிட்டது.

அக்டோபர் 2

"அப்புறம் ஏன் இதையெல்லாம் கலந்து ஒரு ரகம் எடுக்கவில்லை, கம்பெனிகள் விடவில்லையா" என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து. மருந்துக் கம்பெனிகளைக் கைகாட்டுவது சுலபம். ஆனால் இங்கே தடை செடிக்குள்ளேயே இருக்கிறது.

பொலிவியா உருளையையே எடுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதைச் சாதா உருளையோடு கலந்தார்கள். சுணை வந்தது, கூடவே தாமதமாக விளைவதும் குறைந்த மகசூலும் வந்தன. பிரித்தெடுக்கத் தலைமுறை தலைமுறையாகத் திருப்பித் திருப்பிக் கலக்க வேண்டியிருந்தது. கடைசியில் கிங் ஹாரி என்று ஒரு ரகம் வந்தது, அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

இன்னொரு பயமும் உண்டு. 1967-இல் அமெரிக்காவில் லெனாப்பே என்ற உருளை ரகம் வந்தது, சொலானம் சாக்கோயென்ஸ் என்ற காட்டினத்தின் ரத்தம் உள்ளது. பூச்சிக்காக அல்ல, சிப்ஸுக்காகத்தான் எடுத்தார்கள், சிப்ஸ் அருமையாகவும் வந்தது. ஆனால் கிழங்கில் சோலனின் வகைக் கசப்பு நஞ்சு அளவுக்கு மேல் இருந்தது தெரிந்து 1970-இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பச்சை பாய்ந்த உருளையைப் பாட்டி தூக்கிப் போடச் சொல்வாரே, அதே பொருள். காட்டுச் செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் கசப்புக்கு, புழு யார், மனிதன் யார் என்ற வித்தியாசம் தெரியாது. நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கசக்காத காயிலிருந்து விதை எடுத்தார்கள். அது தவறென்று நான் சொல்லமாட்டேன், பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியிருந்தது. அவர்கள் எடுத்த ஒவ்வொரு விதையோடும் காவல் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

கத்தரிக்கு வருவோம். சுண்டை தூரத்து உறவு, கத்தரியோடு கலப்பது மிகக் கடினம், கலந்து வரும் செடியும் பெரும்பாலும் மலடு. கத்தரியின் நேரடி மூதாதை சொலானம் இன்சானம், இந்தியாவிலும் இலங்கையிலும் தானாக வளர்வது, அதோடு கத்தரி சுலபமாகச் சேரும். ஆனால் நெருங்கிய உறவில் புழு எதிர்ப்பு அரைகுறை. நல்ல எதிர்ப்பு இருப்பது எட்டாத உறவில். கத்தரிக்காரர்களின் துயரம் இந்த ஒரு வரிதான்.

அக்டோபர் 3

பிடி கத்தரி, அதாவது மரபணு மாற்றிய கத்தரி பற்றிச் சண்டை வேண்டாம். நடந்தது இவ்வளவு: 2010 பிப்ரவரியில் இந்தியா நிறுத்திவைத்தது, 2013-இல் வங்கதேசம் அனுமதித்தது, 2014 முதல் அங்கே பயிராகிறது. அந்தக் காவல் கத்தரியின் உறவிலிருந்து வந்ததல்ல, மண்ணில் வாழும் பாக்டீரியாவின் ஒரு மரபணு. அது வேண்டும், வேண்டாம் என்பது தனி விவாதம். எதுவானாலும் ஒரே பூட்டை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நெல்லில் ஒரு கதை இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

அக்டோபர் 21

நெல் கதை. மச்சான் தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா போட்டிருக்கிறார், நேற்று போனில் பேசும்போது போன வருடம் புகையான் பூச்சி தீய்த்ததைச் சொன்னார். வயல் நடுவே வட்ட வட்டமாக, நெருப்பு வைத்ததுபோல் காய்ந்துபோகும். தூரடியில் இந்தத் தத்துப்பூச்சி கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சுவதால் வருவது. யூரியா அதிகம் போட்ட வயலில்தான் முதலில் வரும், கண்ட மருந்தையும் அடித்து அதைத் தின்னும் சிலந்தியைக் கொன்ற வயலில் இரட்டிப்பாகும்.

1973-இல் பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐஆர் 26 வெளியிட்டது, புகையானுக்கு எதிராக ஒரே ஒரு மரபணு. இரண்டு மூன்று வருடத்தில் அதையும் தின்னும் புகையான் வந்துவிட்டது. பூச்சிக்கும் தலைமுறை உண்டு, அதுவும் நம்மைவிட வேகமாக. கேரளத்துப் பட்டாம்பியின் பிடிபி 33 என்ற பழைய ரகம் அப்படிச் சுலபமாக விழவில்லை, அதில் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணு. இன்றும் எதிர்ப்பைச் சோதிக்கும்போது பக்கத்தில் ஒப்பிட நடுவது அதைத்தான்.

காட்டு நெல்லுக்கு வருகிறேன். ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல்லிலிருந்து வந்த ஒரு மரபணுவைச் சீனாவின் வூஹானில் 2009-இல் தனித்துப் பிரித்தார்கள். அது நஞ்சு எதையும் வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. பூச்சி ஊசியைச் செருகியதும் அந்த இடத்துச் சாற்றுக்குழாயை அடைத்துவிடுகிறது. உறிஞ்ச உறிஞ்ச எதுவும் வராது. சோற்றில் கசப்பு சேர வேண்டிய அவசியமே இல்லை. 2-ஆம் தேதி கசப்பும் காவலும் பிரியாதவை போல எழுதிவிட்டேன், அது எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

இன்னொன்று. புகையான் பரப்பும் ஒரு வைரஸ், பயிரைப் புல்போல் குட்டையாக்கிவிடும். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்ததில் ஒரே ஒரு காட்டு நெல் மாதிரிதான் தாங்கியது. உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா. நீவாரம் என்று வடமொழி சொல்லும் அதே காட்டு நெல். அந்த ஒரு கைப்பிடி விதையை யாரோ களை என்று பிடுங்கியிருந்தால்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

நவம்பர் 16

துவரை பூவும் பிஞ்சுமாக நிற்கிறது, பச்சைக் காய்ப்புழு வந்துவிட்டது. ஊருக்குப் பின்னால் கரட்டில் துவரை இனத்துக் கொடி ஒன்று தரையோடு படர்ந்து கிடக்கும். மஞ்சள் பூ, ஒரு அங்குலக் காய், அது முழுக்க நெருக்கமான சுணை. கஜானஸ் ஸ்காரபியாய்டஸ் என்று பெயர். இன்று போய் இருநூறு காய் பிரித்துப் பார்த்தேன், ஏழில் மட்டும் துளை. அதே மாலை என் துவரையில் நூறு காயில் முப்பத்தொன்றில் புழு. ஆய்வு என்று இதைச் சொல்லவில்லை, ஒரு நாள் கணக்குதான்.

ஹைதராபாத் அருகே படான்சேருவில் உள்ள இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் இதை முறையாகப் பார்த்திருக்கிறார்கள். பொரித்த புழு மிகச் சின்னது, அடர்ந்த சுணைக்காட்டைத் தாண்டிக் காயின் தோலுக்கு வாய் எட்டுவதற்குள் பல செத்துவிடுகின்றன. இங்கே பசை முக்கியமில்லை, நெருக்கம்தான். நம் துவரைக் காயிலும் பசைச்சுணை இருக்கிறது, ஆனால் அதன் மேற்பூச்சு அந்தப் புழுவைத் தின்னத் தூண்டுகிறதாம். ஒரே குடும்பத்தில் ஒன்று விரட்டுகிறது, ஒன்று அழைக்கிறது.

நவம்பர் 17

நேற்று எழுதிவிட்டுப் படுத்தபின் ஒன்று உறுத்தியது. செப்டம்பரில் சுணையைப் பற்றி வாய் நிறையப் புகழ்ந்தேன். ஆனால் ட்ரைக்கோகிரம்மா என்ற குளவியின் அட்டை கட்டுகிறோமே, அந்தக் குட்டிக் குளவி புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். துவரைக் காயின் பசைச்சுணையில் அந்தக் குளவியும் சிக்கித் தடுமாறுகிறது. அதனால்தான் துவரையில் அந்த அட்டை அவ்வளவாகப் பலன் தருவதில்லை. பருத்தியிலும் இப்படித்தான், சுணை அதிகமுள்ள இலைக்குத் தத்துப்பூச்சி குறையும், வெள்ளை ஈ கூடும். சுணையே கூடாது என்று சொல்ல வரவில்லை, எந்தப் பூச்சிக்கு எந்தச் சுணை என்று பார்க்காமல் புகழ்ந்தது என் அவசரம்.

டிசம்பர் 12

கத்தரியை விட்டு எங்கேயோ வந்துவிட்டோம், பரவாயில்லை. மாமியார் இன்று துவரைக்குச் செம்மண் கட்டினார். செம்மண்ணைக் கரைத்து விதையில் பூசி வெயிலில் காயவைப்பது, வண்டு விழாது. பாசிப்பயறுக்கு அவரிடம் அந்த நம்பிக்கை இல்லை, "அது வண்டோடவே பொறந்தது" என்பார்.

காட்டுப் பாசிப்பயறு ஒன்று வண்டில்லாமல் பிறந்திருக்கிறது. மடகாஸ்கரில் கிடைத்த மாதிரி, எண் டிசி 1966. பயறு வண்டின் புழு அதற்குள் நுழைந்தால் வளராமல் செத்துவிடுகிறது. மெக்சிகோவின் காட்டு பீன்ஸில் ஆர்சலின் என்ற புரதம் அதே வேலையைச் செய்கிறது, ஆர்சேலியா என்ற ஊரின் பெயர்தான் அதற்கு. பரம்பரையாகப் பயிரிட்டுவந்த பீன்ஸ் எதிலும் ஆர்சலின் இல்லை, காட்டு பீன்ஸில் மட்டும்தான். யாரும் அதை வேண்டாமென்று ஒதுக்கியதில்லை. முதன்முதலில் விதைக்க எடுத்த கைப்பிடியில் அது இல்லை, அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜனவரி 6

கரட்டில் மண் எடுக்கிறார்கள். நவம்பரில் நான் காய் பிரித்த இடத்தில் இப்போது ஜேசிபி நிற்கிறது. கொடி இருந்த சரிவில் பாதி இல்லை. கேட்டதற்கு "அது வெறும் முள்ளும் கொடியும்தானே சார்" என்றார் ஓட்டுநர், கெட்ட மனிதர் அல்ல, எனக்காக அரை மணி நேரம் வண்டியை நிறுத்திவைத்தார். மிச்சமிருந்த காய்களைத் துண்டில் கட்டிக்கொண்டு வந்தேன். ஒரு டம்ளர் விதை தேறியது.

ஜனவரி 19

முதலில் ஊறவைத்துப் போட்ட இருபதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. தோல் கல்போல் இருக்கிறது, தண்ணீர் உள்ளே போகவே இல்லை. இரண்டாவது முறை ஒவ்வொரு விதையின் முதுகிலும் பிளேடால் லேசாகக் கீறிப் போட்டேன். இருபதில் பதினாறு முளைத்தன, இன்று இரண்டிலை. வேலியில் சுண்டைக்குப் பக்கத்தில் நடப்போகிறேன். விதை கேட்ட நான்கு பேரும் கொஞ்சம் பொறுங்கள், கொடி காய்த்து முற்றட்டும். கீறிப் போட மறக்காதீர்கள்.